பிறை தெரியாவிட்டால் நிலா இல்லை என்றாகுமா? வேற்றுக்கிரகவாசிகள் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு பதில்

ரமளான் பிறை 29. மக்ரிப் நேரத்தில் தாம்பரத்தில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்க்கிறோம். மேகம், அடுக்குமாடிகள், ஜி.எஸ்.டி. சாலையின் விளக்கு வெளிச்சம். பிறை தென்படவில்லை. அதற்காக நிலாவே இல்லை என்று நாம் சொல்வதில்லை. ‘நமக்குத் தென்படவில்லை’ என்று சொல்லி, நோன்பை 30 ஆகப் பூர்த்தி செய்கிறோம்.

இன்று நம் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்விக்கும் இதே நிதானம் தேவை. “இவ்வளவு நட்சத்திரம் இருக்கே அத்தா, அங்கே யாருமே இல்லையா? இருந்தா ஏன் நம்மகிட்ட பேசல?” ‘இதெல்லாம் கேட்கக் கூடாது’ என்று நாம் வாயை அடைத்தால், பதிலை யூடியூப் சொல்லிக் கொடுக்கும். எனவே அறிவியல் இதுவரை அறிந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதல் காரணம் தூரம். ஒளி ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அந்த ஒளியே நம் பால்வீதியைக் கடக்க ஏறத்தாழ 1 லட்சம் ஆண்டுகள் ஆகும். 1974-ல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து ஒரு வானொலிச் செய்தி அனுப்பப்பட்டது. அது நோக்கிச் சென்ற விண்மீன் கூட்டம் சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அங்கிருந்து பதில் வந்தாலும் அதைக் கேட்க நாம் இருக்க மாட்டோம்.

இரண்டாவது காலம். பூமியின் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள். மனிதன் வானொலியைக் கையாள்வதோ நூற்றுச் சொச்சம் ஆண்டுகளாகத்தான். என்றோ ஒருநாள் வரப்போகும் உறவினரைத் தேடி, தாம்பரம் ரயில் நிலையத்தில் ஒரே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது போன்றது இது.

மூன்றாவது, நாம் தேடியது மிகக் கொஞ்சம். 1960-ல் ஃபிராங்க் டிரேக் இரண்டே நட்சத்திரங்களை நோக்கித் தேடலைத் தொடங்கினார். அதன்பின் தேடல் வெகுவாக விரிந்தது. ஆனால் பால்வீதியில் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள் உள்ளன. திசை, அலைவரிசை, நேரம் மூன்றும் பொருந்த வேண்டும். நம் செல்போன்களும் செயற்கைக்கோள்களும் எழுப்பும் இரைச்சல் வேறு.

நம் மாநிலத்திலேயே உதகை அருகே முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு வானொலித் தொலைநோக்கி உள்ளது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் கட்டி முடிக்கப்பட்டது. தொலைதூர விண்பொருட்கள் இயற்கையாக வெளியிடும் அலைகளை ஆராயவே அது எழுந்தது. அத்தகைய அலைகளே நம்மை ஏமாற்றுவதுண்டு. 1967-ல் இங்கிலாந்தில் ஜோசலின் பெல் கடிகாரம் போலச் சீராகத் துடிக்கும் ஒரு சமிக்ஞையைக் கண்டார். வேற்றுக்கிரகவாசிகளோ என்ற எண்ணம்கூட எழுந்தது. பொறுமையாக ஆராய்ந்தபோது அது வேகமாகச் சுழலும் ஒரு நட்சத்திரம் எனத் தெரிந்தது.

நான்காவது, அறிவுள்ள உயிர்கள் மிக அரிதாக இருக்கலாம். வேறெங்கும் இல்லாமலும் இருக்கலாம். அறிவியல் இன்னும் முடிவு சொல்லவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது? வானங்களிலும் பூமியிலும் அல்லாஹ் உயிரினங்களைப் பரவச் செய்திருப்பதை 42:29 வசனம் அவனது அத்தாட்சியாகக் கூறுகிறது. இதில் மலக்குகளும் அடங்குவர் என்று விளக்கிய முஃபஸ்ஸிர்களும் உண்டு. ஆகவே வேறு உயிர்கள் இருந்தாலும் நம் ஈமானுக்குப் பாதிப்பில்லை, இல்லாவிட்டாலும் இல்லை. ‘ஜின்கள்தான் ஏலியன்கள்’ என்று பரவும் வீடியோக்களுக்கோ ஆதாரம் கிடையாது. ஜின்களை நாம் வஹீயின் மூலம் அறிகிறோம், தொலைநோக்கியால் அல்ல. அறிவில்லாததைப் பின்தொடராதீர்கள் என 17:36 வசனமும், செய்தியைத் தீர விசாரியுங்கள் என 49:6 வசனமும் நமக்குக் கற்றுத் தருகின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எதையும் பகிரும் முன் இவற்றை நினைவில் கொள்வோம்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு அழைத்துச் செல்வோம். அவர்கள் கேட்கட்டும். ‘தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்வதில் நமக்குக் குறைவில்லை.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.