நூறு நாள் வேலை: கூலி ஏன் குறைகிறது?

எடப்பாடி நகராட்சிக்குள் விசைத்தறி ஓட்டுகிறவருக்கு நூறு நாள் வேலை கிடையாது. நகர எல்லையைத் தாண்டிப் பக்கநாட்டிலோ வெள்ளரிவெள்ளியிலோ குடியிருப்பவருக்கு உண்டு. 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமானது. சேலம் மாவட்டத்துக்கு அது 2008-ல்தான் வந்தது.

பஞ்சம் வந்தால் சர்க்கார் வேலை கொடுப்பது பழைய வழக்கம். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அப்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அதெல்லாம் சர்க்கார் மனது வைத்தால் கிடைத்தது. நூறு நாள் வேலையோ கேட்டால் கொடுத்தாக வேண்டியது. எழுதிக் கொடுத்த 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். அதற்குத் தேதி போட்ட ரசீதுதான் அத்தாட்சி. அதை வாங்காமல் வராதீர்கள்.

“336 ரூபாய் என்கிறார்கள், பேங்க்கில் குறைச்சலாகத்தானே ஏறுது?” என்பது பணித்தளத்தில் தீராத சண்டை. 336 என்பது 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி. ஆனால் மண் வேலைக்குக் கூலி அளவுப்படி. வெட்டிய குழியின் நீளம், அகலம், ஆழத்தை டேப் பிடித்து அளந்து அளவுப் புத்தகத்தில் ஏற்றுவார்கள். நிர்ணயித்த கனஅளவு வந்தால்தான் முழுக் கூலி. குழுவாக வெட்டினால் குறைவு எல்லார் தலையிலும் விழும். மண்ணின் ரகத்துக்கு ஏற்பவும் விகிதம் மாறும். கடப்பாறை தெறிக்கும் கெட்டி மண்ணைச் சாதா மண் என்று எழுதிவிட்டால் நஷ்டம் வெட்டியவருக்குத்தான். சந்தேகம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது அளவுப் புத்தகத்தில் மண் ரகம் எழுதிய வரியை.

ஒப்பந்தக்காரர் கூடாது, மாவட்ட அளவில் செலவில் 60 சதவீதமாவது கூலியாகப் போக வேண்டும் என்பதால் மண் வேலையே அதிகம். அது வெட்டி வேலை என்ற பேச்சில் பாதி நியாயம் உண்டு. வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடக்க ஏரிக்குள் குழி பறித்து என்ன பயன்? எந்த வேலை முதலில் என்பதைக் கிராம சபையில் கேட்கலாம், கேட்க வேண்டும்.

2025 டிசம்பரில் 2005 சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நாள் 125 ஆகிறது. கூலிச் செலவிலும் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில் வருகிறது. விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலை நிறுத்தப்படும். எந்த நாட்கள் என்பதை மாநில அரசு பகுதிவாரியாக அறிவிக்கலாம். பூலாம்பட்டிப் பக்கம் மேட்டூர் வாய்க்கால் பாசனம், மற்ற பக்கம் மானாவாரிக் காடு. இரண்டுக்கும் ஒரே 60 நாள் பொருந்தாது.