யூனிட்டின் விலை எங்கிருந்து வருகிறது?

கல்லிடைக்குறிச்சிக்காரரான சங்கரலிங்க ஐயர் முன்னின்று 1946இல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், 1949இல் தாழையூத்தில் ஆலையை ஓடவைத்தது. அந்த ஒரு நிறுவனத்தின் பங்கை மட்டும் வாங்கி வைத்தவரின் சேமிப்பு, சிமெண்டு விற்கிற விலையையும் நிலக்கரி வாங்குகிற விலையையும் நம்பித்தான் இருந்திருக்கும். மியூச்சுவல் ஃபண்டிலோ பலருடைய பணத்தைச் சேர்த்து சிமெண்டு, வங்கி, மருந்து என்று பல நிறுவனப் பங்குகளை வாங்குகிறார்கள்.

"அப்போ சீட்டு மாதிரியா?" என்று பாளையங்கோட்டையில் கேட்பார்கள். இல்லை. ஏலச்சீட்டில் பணம் சேர்ந்தவர்களுக்குள்ளேயே சுற்றும். தள்ளி எடுப்பவர் விட்டுக்கொடுப்பதுதான் மற்றவர்களுக்கு லாபம். ஃபண்டில் பணம் சந்தைக்குப் போகிறது. சந்தை இறங்கினால் முதலும் குறையும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது யூனிட் கணக்கு. ஃபண்டில் அவரவர் பங்கை அளக்கும் அலகுதான் யூனிட். 100 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போடுகிறார்கள். மொத்தம் ஒரு லட்சம். யூனிட் 10 ரூபாய் என்றால் 10,000 யூனிட். வாங்கிய பங்குகளின் மதிப்பு 1,10,000 ஆனால், யூனிட் 11 ரூபாய். இதுதான் என்.ஏ.வி., நிகரச் சொத்து மதிப்பு. இன்று 1,100 ரூபாயோடு வருபவருக்கு 100 யூனிட்தான் கிடைக்கும். அவர் வந்ததால் பழையவர்களுக்கு ஒரு பைசாவும் குறையாது; யாராவது விலகினாலும் அப்படித்தான்.

விலை இந்தக் கணக்கிலிருந்து விலகினால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1964இல் தொடங்கிய யூ.எஸ்.64 திட்டத்தில் விலையை டிரஸ்டே அறிவித்தது. கையிருப்புப் பங்குகளின் மதிப்பு சரிந்த பிறகும் அறிவித்த விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அதிக விலைக்கு விற்று முன்னால் வெளியேறியவர்களின் சுமை, உள்ளே இருந்தவர்கள் தலையில் விழுந்தது. 2001 ஜூலையில் யூனிட்டைத் திரும்ப வாங்குவதையே ஆறு மாதம் நிறுத்தினார்கள். ஓய்வூதியக்காரர்கள் பத்திரத்தோடு காத்திருக்க வேண்டியதாயிற்று. 2002 ஜனவரியிலிருந்து அந்தத் திட்டமும் என்.ஏ.வி.க்கு மாறியது.

10 ரூபாய் யூனிட் மலிவு, 100 ரூபாய் யூனிட் கிராக்கி என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் பங்குகள் பத்து சதவீதம் ஏறினால் இரண்டும் பத்து சதவீதம்தான் ஏறும். பார்க்க வேண்டியது செலவு விகிதத்தைத்தான், அதாவது ஃபண்டை நடத்துவதற்காக நம் பணத்தில் எடுத்துக்கொள்ளும் பங்கை. ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு 2,000 ரூபாய். தனியாக ரசீது வராது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்த பிறகே என்.ஏ.வி.யை வெளியிடுகிறார்கள். 2013 முதல் முகவர் கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டமும் இருக்கிறது. அதே பங்குகள், அதே மேலாளர். செலவு குறைவு என்பதால் அதன் என்.ஏ.வி. ஆண்டுக்கு ஆண்டு சற்றே முந்திக்கொண்டு போகும்.