டியூட்டி முடிந்து வருபவளுக்குப் பத்து நிமிஷம்

என் நாத்தனார் மகள் எங்கள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போகிறாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். வந்த புதிதில் வீடே கலகலக்கும்படி பேசுவாள். ஒரு வருஷத்துக்குள் ஆளே மாறிவிட்டாள். நைட் டியூட்டி முடிந்து வந்தால் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். "சாப்பிட வாடி" என்றால், "கொஞ்ச நேரம் விடுங்க அத்தை" என்பாள். எனக்குக் கோபம்தான் வரும். 'நாம் மட்டும் சும்மாவா இருக்கிறோம்?' என்று முணுமுணுப்பேன்.

ஒரு நாள் காலை, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு அழுதாள்.

"லாரியில் அடிபட்ட சின்னப் பையன் அத்தை. காப்பாத்த முடியல. அவன் அம்மா கதறிட்டு இருக்கும்போதே அடுத்த ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. கையைக் கழுவிட்டு ஓடினேன். அங்கே கால் சுளுக்குன்னு வந்தவர், 'ஒரு மணி நேரமா உட்கார வச்சிருக்கீங்க, சம்பளம் வாங்கல?'ன்னு கத்தறார்."

எனக்குச் சுருக்கென்றது. என் மகன் சின்ன வயசில் மாடிப்படியில் விழுந்து நெற்றியில் ரத்தம் வந்தபோது, நானும் ஒரு நர்ஸை இப்படித்தான் கத்தினேன். அவள் பஞ்சை வைத்து அழுத்தி, "பிடிச்சுக்கோங்கம்மா, வந்துடறேன்" என்று ஓடினாள். 'என்ன திமிர்!' என்று நினைத்தேனே தவிர, யாருக்காக ஓடினாள் என்று நினைக்கவில்லை.

அங்கே வந்த வரிசைப்படி பார்ப்பதில்லையாம். உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு, அடுத்தது மஞ்சள், காத்திருக்கக் கூடியவர்கள் பச்சை என்று பிரிப்பார்களாம். நம்மைக் காக்க வைத்தால், நம்மைவிட ஆபத்தில் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். காத்திருக்கும்போது குழந்தை வாந்தி எடுத்தாலோ, மயங்கினாற்போல் இருந்தாலோ மட்டும் உடனே போய்ச் சொல்லுங்கள். பத்துப் பேர் சூழ்ந்து நிற்காமல் ஒருவர் மட்டும் பேசுங்கள்.

இப்படி ஓய்வில்லாமல் உழைத்து மனசு வறண்டு போவதை 'பர்ன் அவுட்' என்கிறார்கள். இது தனி நோயல்ல, வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விளக்கியது. தீராத களைப்பு, வேலையில் ஒட்டாத மனசு, 'என்னால் ஒன்றும் ஆகவில்லை' என்ற எண்ணம், இவை மூன்றும்தான் அடையாளம். போதிய ஆட்களும் ஓய்வும் தரவேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. ஆனால் வீட்டில் இருக்கும் நம்மாலும் கொஞ்சம் முடியும்.

வந்ததும் "இன்னிக்கு என்ன கேஸ்?" என்று துருவாதீர்கள். பத்து நிமிஷம் தனியாக விடுங்கள். நைட் டியூட்டி முடிந்து தூங்கும்போது ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டி.வி.யைக் குறையுங்கள். விருந்தாளி வந்தார் என்று எழுப்பாதீர்கள். வாரக் கணக்கில் தூக்கமில்லை என்றாலோ, வாழ்க்கையே வெறுத்தாற்போல் பேசினாலோ, கூச்சப்படாமல் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மனஸ்' சேவையில் 14416-க்குப் போன் செய்தும் பேசலாம்.

இப்போதெல்லாம் காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் நகர்ந்துவிடுகிறேன். சில நாள் அவளே அடுப்படிக்கு வந்து பேசுவாள். சில நாள் பேசமாட்டாள். நானும் கேட்பதில்லை.

அன்று நான் கத்திய அந்த நர்ஸ் வீட்டுக்குப் போனபோது, அவளுக்குக் காப்பி வைத்துக் கொடுக்க யாராவது இருந்திருப்பார்களா?