எளிதாகிவிட்டதா பந்தயக் கார் ஓட்டுவது?

'இன்றைய பந்தயக் கார்களைக் கணினியே ஓட்டிவிடுகிறது. ஓட்டுநருக்கு அதில் என்ன வேலை?' என்று கேட்போர் உண்டு. ஃபார்முலா 1 பந்தயத்தின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், கடினம் மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பது விளங்கும்.

1980-களில் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும். இடது காலால் கிளட்ச்சை மிதிக்க வேண்டும். வலது காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒருசேரக் கையாள வேண்டும். 1991 பிரேசில் பந்தயத்தில், கியர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகியும் வென்ற அயர்டன் சென்னாவைக் காரிலிருந்து பிறர் உதவியுடன்தான் வெளியே எடுக்க முடிந்தது.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கியர் மாற்றும் முறையை ஃபெராரி அறிமுகப்படுத்தி, முதல் பந்தயத்திலேயே வென்றது. சில ஆண்டுகளில் அனைவரும் அதற்கு மாறினர். சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் மின்னணுக் கருவிகளும் வந்தன. ஓட்டுநரின் திறன் தேவையற்றதாகிவிடுமோ என்ற அச்சம் எழுந்ததால், 1994-இல் அவை தடை செய்யப்பட்டன. 2001-இல் அனுமதிக்கப்பட்ட வழுக்கல் தடுப்பு, 2008-இல் மீண்டும் விலக்கப்பட்டது.

இன்றைய சுமை வேறு வகையானது. அதிவேக வளைவுகளில் புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு விசை பக்கவாட்டில் இழுக்கிறது. தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறேழு கிலோ எனில், கழுத்து தாங்குவது முப்பது கிலோவுக்கும் மேல். அதனிடையே டயரின் வெப்பம், பேட்டரியின் மின்னிருப்பு, பிரேக்கின் சமநிலை ஆகியவற்றைக் கவனித்து, ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களை இயக்க வேண்டும். 2023 கத்தார் பந்தயத்தின் வெப்பத்தில் ஓர் ஓட்டுநர் வாந்தி எடுத்தபடியே ஓட்டினார். மற்றொருவர் பாதியில் விலகினார்.

பொருளியல் மாணவர்கள் அறிந்த உண்மை ஒன்று இங்கே பொருந்தும். ஒரு கருவி அனைவருக்கும் கிடைத்துவிட்டால், அதனால் எவருக்கும் தனி ஆதாயம் இல்லை. போட்டி எஞ்சியிருக்கும் நுண்ணிய வேறுபாடுகளுக்கு நகர்கிறது. 1988 மொனாக்கோ தகுதிச்சுற்றில் சென்னா, அதே வகைக் காரை ஓட்டிய அலென் புரோஸ்ட்டை ஏறத்தாழ 1.4 விநாடியில் முந்தினார். 2024 கனடா தகுதிச்சுற்றிலோ, வெவ்வேறு அணிகளைச் சேர்ந்த ஜார்ஜ் ரஸ்ஸலும் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் ஆயிரத்தில் ஒரு விநாடிகூட வேறுபாடின்றி 1 நிமிடம் 12.000 விநாடி எடுத்துக்கொண்டனர்.

ஆபத்து குறைந்திருக்கிறது, அது வரவேற்கத்தக்கது. ஆனால் ஆபத்தும் கடினமும் ஒன்றல்ல. அன்று சிறு பிழைக்கு விலை உயிர். இன்று அதே பிழைக்கு விலை பத்து இடங்கள்.

தறியிலும் தொழிற்கூடத்திலும் 'எந்திரம்தானே செய்கிறது' என்று சொல்லி உழைப்பின் மதிப்பைக் குறைப்போர், இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். எந்திரம் கையின் வேலையைக் குறைக்கும்போது, கண்ணுக்கும் கருத்துக்கும் வேலை கூடுகிறது. கூடிய அந்த வேலை வெளியே தெரிவதில்லை என்பதால், அது இல்லை என்று ஆகிவிடாது.