ஊருக்கும் உதவும் தொழில்: கிராமத்துப் பெண்களைத் தூண்டுவது எது?



கடை போடுகிறோம், கோழி வளர்க்கிறோம், தையல் மெஷின் வாங்கி நாலு சட்டை தைத்து விற்கிறோம். இதெல்லாம் சொந்தத் தொழில். வரும் லாபம் நம்ம வீட்டுக்கு. ஆனால் சில பெண்கள் இன்னொரு வகைத் தொழிலையும் தொடங்குகிறார்கள். அதிலும் வரவு செலவு உண்டு, லாபமும் உண்டு. ஆனால் அதன் முதல் நோக்கம் ஊரிலே பலருக்கும் இருக்கும் ஒரு கஷ்டத்தைத் தீர்ப்பது. இதைச் சமூகத் தொழில்முயற்சி என்கிறார்கள்.

வீட்டு வேலை, கூலி வேலை, பிள்ளைகள் என்று ஓயாமல் உழைக்கும் ஒரு கிராமத்துப் பெண் இந்தச் சுமையையும் ஏன் தலையில் ஏற்றிக்கொள்கிறாள்? இதற்கு இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் நடந்த ஒரு விஷயத்தைப் பார்ப்போம்.

சாத்தாரா மாவட்டத்தில் மஸ்வாட் என்று ஓர் ஊர். அடிக்கடி மழை பொய்க்கும் வறண்ட பூமி. தெருவோரத்தில் கொல்லு வேலை செய்து பிழைத்த ஒரு பெண், வங்கியில் சேமிப்புக் கணக்குத் திறக்கப் போனார். கடன் கேட்கவில்லை. மழைக்கு முன்னே குடிசைக்கு மேலே போட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். தொகை ரொம்பச் சிறியது என்று வங்கியில் மறுத்துவிட்டார்கள். அவர் இதைச் சொன்னது சேத்னா சின்ஹா என்ற பெண்மணியிடம். இவர் மும்பாயில் படித்து, கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவர். "வங்கிகள் கணக்குத் திறக்காவிட்டால் பெண்களுக்கென்று நாமே ஒரு வங்கி தொடங்கினால் என்ன?" என்று அவர் யோசித்தார்.

ஆனால் இந்திய ரிசர்வ் வங்கி முதல் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. உறுப்பினர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாத கைநாட்டுக்காரர்கள் என்பது காரணம். பெண்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. பகலில் வேலை, பொழுது சாய்ந்ததும் எழுத்துப் படிப்பு. ஐந்து மாதம் கழித்துப் பதினைந்து பெண்கள் சேத்னாவோடு மறுபடியும் அதிகாரிகளிடம் போனார்கள். "நாங்க வளர்ற காலத்துல ஊர்ல பள்ளிக்கூடம் இல்ல, அது எங்க குற்றமா? ஆனா எங்களுக்குக் கணக்குத் தெரியும். எந்தத் தொகைக்கும் வட்டி கேளுங்க, சொல்றோம். உங்க ஆட்களும் மெஷின் இல்லாம கணக்குப் போடட்டும், பார்ப்போம்" என்ற பொருளில் பேசினார்கள். அனுமதி கிடைத்தது. 1997இல் மண் தேஷி மகிளா வங்கி திறந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது?

முதலாவது, தன் கஷ்டம் தனக்கு மட்டும் உள்ளதல்ல என்று புரிவது. ஒருத்திக்குக் கணக்கு மறுக்கப்பட்டால் அது அவள் பிரச்சினை. அதே நிலையில் ஊரிலே நூறு பேர் இருந்தால் அது பொதுப் பிரச்சினை.

இரண்டாவது, மானம். "உன்னால் முடியாது" என்ற சொல் சிலரை முடக்கிவிடும். நாலு பேர் சேர்ந்து நின்றால் அதே சொல் தூண்டிவிடும்.

மூன்றாவது, தன் உழைப்பின் காசு தன் கையில் நிற்க வேண்டும் என்ற எண்ணம். வங்கிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்று பெண்கள் சொன்னார்கள். உடனே வங்கி அவர்கள் வாசலுக்குப் போனது. பிறகு அட்டையும் இரகசிய எண்ணும் தரலாம் என்ற யோசனை வந்தபோது, "எண்ணை யாரும் கேட்டு வாங்கிடலாம், எங்க பெருவிரலை யாரும் எடுக்க முடியாது" என்றார்கள். கைரேகை முறை வந்தது. அனுமதி மறுக்கக் காரணமாயிருந்த அதே பெருவிரல்தான் கடைசியில் பூட்டும் சாவியும் ஆனது.

நாலாவது, பிள்ளைகள். பள்ளிக்கூடம் தூரமென்று படிப்பை விட்ட பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கிடைக்கவும் இவர்கள் வழி செய்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கொல்லுப் பெண் கேட்டது சேமிப்பு, கடன் அல்ல. நம் நாட்டில் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து வசூலித்த நுண்கடன்களால் எத்தனையோ பெண்கள் நொந்துபோனார்கள். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. வாசலுக்கு வருவதெல்லாம் உதவியல்ல. பணம் யாருடையது, வட்டியைத் தீர்மானிப்பது யார், லாபம் யாருக்கு என்று கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

நம்ம லயங்களில் சீட்டுப் பிடிக்காத இடம் உண்டா? மரண வீட்டுக்கு உதவக் காசு சேர்ப்பதும் நமக்குப் பழக்கந்தானே? நம்பிக்கையும் கணக்கும் நம்மிடம் ஏற்கனவே இருக்கின்றன. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வியை மட்டும் வையுங்கள்: "நம்ம எல்லாருக்கும் பொதுவா இருக்கிற கஷ்டம் எது?" பிள்ளை பராமரிப்பா, மரக்கறி விலையா, அடகுக்கடை வட்டியா? பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். கடன் வாங்காமல் பத்துப் பேர் சேர்ந்து, ஆளுக்குச் சிறு தொகை போட்டு, மாதாமாதம் எல்லார் முன்னிலையிலும் கணக்கை வாசியுங்கள். என்ன தொழில் என்பதை அதன் பிறகு தீர்மானிக்கலாம்.