18 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு 'துருப்பிடிக்காத' மடக்குக் கத்தி.. சென்னைவாசிகள் வாங்கலாமா? முழு விளக்கம்!

கோட்டூர்புரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். ஆன்லைன் கார்ட்டில் ஒரு மடக்குக் கத்தி. விலை 18 ஆயிரத்து சொச்சம். கூடவே ஒரு வரி: "கடல் தண்ணியில போட்டாலும் துரு ஏறாதாம், வாங்கட்டுமா?"

அவர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் 3 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கத்தி வாங்கினார். பிளேடில் 'டி2 ஸ்டீல்' என்று பெருமையாகப் பொறித்திருந்தது. பார்சல் பிரிக்க, ஆபீஸில் ஆப்பிள் நறுக்க என்று பையிலேயே வைத்திருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் பிளேடு முழுக்க பழுப்புப் புள்ளி. "எங்க வீட்டு எவர்சில்வர் டம்ளர் அம்மா கல்யாணத்துக்கு வந்தது, இன்னும் பளபளன்னு இருக்கு. இது ஏன் மூணு மாசத்துல இப்படி ஆச்சு?" என்பது அவர் கேள்வி.

நல்ல கேள்வி. 18 ஆயிரம் கொடுக்கலாமா வேண்டாமா என்பதற்கான பதிலும் இதற்குள்ளேயேதான் இருக்கிறது.

டம்ளர் துருப்பிடிக்காது, கத்தி ஏன் பிடிக்குது?

இரும்போடு குறைந்தபட்சம் 10.5 சதவீதம் குரோமியம் கலந்தால் அதை ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள். குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்ளும். கீறல் விழுந்தாலும் படலம் தானாக மறுபடி உருவாகும். நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கார்பன் மிகமிகக் குறைவு. அதனால் துரு கிட்டவே வராது.

ஆனால் அந்த டம்ளரை வெட்டி கத்தி செய்தால் தக்காளிகூட ஒழுங்காக நறுக்காது. உலோகம் மென்மையானது, முனை உடனே மழுங்கிவிடும். கத்திக்குத் தேவை கடினம், கடினத்துக்குத் தேவை கார்பன். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கார்பன், குரோமியத்தைப் பிடித்து தன்னோடு சேர்த்துக்கொண்டு 'கார்பைடு' என்ற துகளாக மாறிவிடும். அப்படி மாட்டிக்கொண்ட குரோமியம் பாதுகாப்புப் படலம் அமைக்க வராது.

ஐடி கம்பெனி சம்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஃபர் லெட்டரில் இருக்கும் தொகை வேறு, மாசக் கடைசியில் அக்கவுண்ட்டில் விழும் தொகை வேறு. நண்பரின் டி2 ஸ்டீலில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது. பேப்பரில் பார்த்தால் ஸ்டெயின்லெஸ்தான். ஆனால் அதில் கார்பன் 1.5 சதவீதம். பிடித்தம் போக கைக்கு வருவது ஏறக்குறைய பாதி குரோமியம்தான். அதனால்தான் புள்ளி புள்ளியாகத் துரு. கம்பெனி ஏமாற்றவில்லை, டி2 உண்மையில் டை, அச்சு போன்ற தொழிற்சாலைக் கருவிகளுக்கான ஸ்டீல். அதைச் சென்னை வியர்வையில் ஊறவைத்தது நம்ம ஆளு.

இந்த இழுபறி புதுசு இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913-ல் துப்பாக்கிக் குழாய்க்கான உலோகம் தேடியபோது ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத ஸ்டீலை உருவாக்கினார். அதைக் கத்திக்குப் பயன்படுத்தலாம் என்று அவர் சொன்னபோது, 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று உள்ளூர் கத்திப் பட்டறைக்காரர்கள் கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தத் தொழிலில் ஓடிக்கொண்டிருப்பது அதே பிரச்னைதான்: துருவும் பிடிக்கக் கூடாது, கூர்மையும் நிற்கணும்.

அப்போ அந்த 18 ஆயிரம் ரூபாய் கத்தியில என்ன இருக்கு?

இரண்டு வழிகளில் இந்தப் பிரச்னைக்குத் தீர்வு கண்டிருக்கிறார்கள்.

ஒன்று, கார்பனுக்குப் பதிலாக நைட்ரஜனை வைத்துக் கடினப்படுத்துவது. எல்சி200என் என்ற ஸ்டீல் இந்த வகை. இதே கலவை 'குரோனிடூர் 30' என்ற பெயரில் முதலில் விமானம், விண்வெளித் துறை பேரிங்குகளுக்காக வந்தது. ஜப்பானின் எச்1 ஸ்டீலும் கார்பனைக் குறைத்து செய்ததுதான். உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும். சுவீடனின் உட்டஹோம் நிறுவனம் தயாரிக்கும் வேனாக்ஸில் நைட்ரஜன் இன்னும் அதிகம். துருவை எதிர்ப்பதிலும் கூர்மையிலும் இரண்டிலும் நல்ல பெயர், விலையும் அப்படியே.

இன்னொன்று மேக்னாகட். அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-ல் சந்தைக்கு வந்தது. இதில் குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2-வை விடக் குறைவு. ஆனால் கார்பனைப் பிடித்துவைக்க வனேடியம், நியோபியம் என்று வேறு ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். குரோமியத்தில் பிடித்தமே இல்லை. முழுச் சம்பளமும் கைக்கு வருகிறது. அதனால்தான் 12 சதவீத டி2 துருப்பிடிக்கும் இடத்தில் 10.7 சதவீத மேக்னாகட் தாக்குப்பிடிக்கிறது. விளம்பரத்தில் 'அதிக குரோமியம்' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து கத்தி வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நண்பர் கார்ட்டில் வைத்திருந்தது இந்த மேக்னாகட் கத்திதான். அமெரிக்காவில் ஸ்பைடர்கோ நிறுவனம் 'சால்ட்' என்ற பெயரில் உப்புத் தண்ணீருக்கென்றே ஒரு வரிசை விற்கிறது. இந்த வகைக் கத்திகள் அங்கேயே சுமார் 150 முதல் 300 டாலர் வரை போகின்றன. வெளிநாட்டில் இருந்து தருவித்தால் கொரியர் கட்டணம், சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேரும். கார்ட்டில் தெரியும் விலையும் வீட்டு வாசலில் கொடுக்கும் விலையும் ஒன்றாக இருக்காது. அதே பிராண்டு பெயரில் 2, 3 ஆயிரத்துக்குக் கிடைத்தால் அது போலிதான், சந்தேகமே வேண்டாம்.

கோட்டூர்புரம் காத்துல அவ்வளவு உப்பு இருக்கா?

பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. 'கடலோர ஊர், எல்லாம் துருப்பிடிக்கும்' என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். கடலலை தெறிப்பதில் கிளம்பும் உப்புத் துகள்கள் கரையைத் தாண்டியதும் வேகமாகக் கீழே படிந்துவிடும். பட்டினப்பாக்கத்திலோ பெசன்ட் நகரிலோ கடலைப் பார்த்த பால்கனியின் கிரில் படும் பாடு வேறு. மூணு நாலு கிலோமீட்டர் உள்ளே, அடையாற்றங்கரையில் இருக்கும் கோட்டூர்புரத்து கிரில் படும் பாடு வேறு. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் தனி மையமே வைத்திருக்கிறது. அங்கே சுற்றிலும் கடல், உப்புக்குக் குறைவே இல்லை.

(ஆற்றங்கரை வீடுகளில் வெள்ளி விளக்கு சீக்கிரம் கறுத்துப்போவதைச் சிலர் உப்புக் காற்று என்பார்கள். அது பெரும்பாலும் சாக்கடை நீரில் இருந்து வரும் கந்தக வாயுவின் வேலை. ஸ்டெயின்லெஸ் கத்தியை அது பெரிதாகப் படுத்தாது.)

கோட்டூர்புரத்தில் கத்திக்கு எதிரி, காற்றைவிட உங்கள் பாக்கெட்தான். வியர்வையில் இருப்பதும் அதே உப்புதான். எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் மடக்கினால் அமிலமும் சேர்ந்துகொள்ளும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுக்கும். சமையலறை உப்பு ஜாடி நசநசவென்று ஆகுமே, அதேதான். பிளேடில் காய்ந்துபோன வியர்வைத் தடம் சென்னைக் காற்றில் ராத்திரியோடு ராத்திரியாக உப்புத் தண்ணீர்ச் சொட்டாக மாறிவிடும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தக் குரோமியப் படலத்தை ஊசி குத்துவதுபோலத் துளைக்கும். நண்பர் பார்த்த புள்ளிகள் அவைதான்.

பிளேடுக்கு மட்டும் காசு கொடுத்தா போதாது

மடக்குக் கத்தியில் பிளேடு ஒரு பாகம்தான். உள்ளே திருகுகள், கீல், ஸ்பிரிங், பூட்டு, கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் தகடு என்று பல இரும்புச் சாமான் இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் காயாமல் தங்கும் இடமும் இந்த இடுக்குதான். காற்று போகாத இடுக்கில் ஸ்டெயின்லெஸ்ஸின் படலமும் பலவீனமாகும். பிளேடு மேக்னாகட், உள்ளே பேரிங் உருண்டை சாதாரண ஸ்டீல் என்றால், ஆறு மாசத்தில் பிளேடு கண்ணாடி மாதிரி இருக்கும், கத்தி திறக்காது. திருகு, தகடு, பேரிங் எல்லாம் என்ன உலோகம் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

சாணை பிடிப்பதும் இன்னொரு தலைவலி. வனேடியம் கார்பைடு சாதாரண சாணைக்கல்லைவிடக் கடினம். மேக்னாகட்டுக்கு வைரத்தூள் பதித்த தட்டு இருந்தால்தான் வேலை சுலபம். அது தனிச் செலவு. தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால்? அவர் அரிவாள்மனைக்கு ராஜா. ஆனால் வேகமாகச் சுற்றும் உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய முனை சூடேறி நீலம் பாய்ந்தால், 18 ஆயிரம் கொடுத்து வாங்கிய கடினம் அந்த இடத்தோடு போச்சு.

போலீஸ் பிடிக்குமா?

ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016-ன்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடுகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு உண்டு. மடக்குக் கத்திகள் பொதுவாக 3, 4 அங்குலம்தான் என்பதால் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் டெல்லி போனால் கவனம். அங்கே 1980-ல் வந்த அறிவிப்பின்படி பட்டன், ஸ்பிரிங் போன்ற விசையில் திறக்கும் 7.62 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள கத்திகளுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. விமானத்தில் எந்தக் கத்தியையும் கைப்பையில் கொண்டுபோக முடியாது, செக்-இன் லக்கேஜில் மட்டும்தான். மறந்துபோய் கைப்பையில் வைத்தால் மீனம்பாக்கத்தில் சோதனையோடு 18 ஆயிரம் காலி.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். 'ரூட் தல' தகராறுகளுக்குப் பிறகு சென்னையில் ராத்திரி வாகனச் சோதனையில் பையில் இருந்து கத்தி வந்தால், அது ஆப்பிள் நறுக்கவா இல்லையா என்று நீங்கள்தான் விளக்கிக்கொண்டு நிற்கணும். பழத்தோடு டிபன் பையில் இருப்பது வேறு, இடுப்பில் கிளிப் போட்டுத் தொங்குவது வேறு.

சரி, வாங்கலாமா வேண்டாமா?

தினமும் கடல் தண்ணீரில் கை வைப்பவர் என்றால் தாராளமாக வாங்கலாம். படகில் போகிறவர், ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுப்பவர், தூண்டில் போடுவதே வாராந்திர வேலையாக வைத்திருப்பவர்.. இவர்களுக்கு கத்தியைக் கழுவித் துடைக்க நேரம் கிடைக்காது. ஈரக் கையோடு மடக்கிப் பையில் போடுவார்கள். அவர்களுக்கு மேக்னாகட்டைவிட எல்சி200என் இன்னும் நிம்மதி.

பார்சலும் பழமும்தான் வேலை என்றால் 2 முதல் 4 ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும் விக்டோரினாக்ஸே போதும். கார்பன் சுமார் அரை சதவீதம், குரோமியம் 14 சதவீதத்தை ஒட்டி. பிடித்தம் குறைவு என்பதால் துரு எளிதில் வராது. கூர்மை கொஞ்சம் சீக்கிரம் போகும், ஆனால் சாதாரணக் கல்லில் அஞ்சு நிமிஷத்தில் திரும்பிவிடும். இன்னும் கொஞ்சம் கூர்மை நிற்கணும் என்றால் 14சி28என் ஸ்டீல் போட்ட கத்திகளைப் பாருங்கள். அதிலும் கொஞ்சம் நைட்ரஜன் இருக்கிறது, விலை மேக்னாகட்டில் ஒரு பங்குதான். பிரான்ஸின் ஓபினெல் அழகான கத்தி. ஸ்டெயின்லெஸ், கார்பன் என இரண்டு வகை உண்டு, ஸ்டெயின்லெஸ்ஸையே கேட்டு வாங்குங்கள். மரக் கைப்பிடி ஈரத்தில் உப்பும். நவம்பர் மழையில் திறக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. நறுக்கியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, விரித்தபடியே கொஞ்ச நேரம் காயவிடுங்கள். பாட்டி அரிவாள்மனைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். மடக்குக் கத்தியின் கீலில் அது நாளாக நாளாகப் பிசுபிசுப்பாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும், பழம் நறுக்கும் பிளேடிலும் பயமில்லாமல் தடவலாம்.

நண்பரின் பழைய டி2 கத்தியைக்கூடத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொன்னோம். சமையல் சோடாவைக் குழைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்ததில் மேலோட்டமான துரு போய்விட்டது. ஆழமாகக் குழிந்த இரண்டு புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது. கார்ட்டை காலி செய்துவிட்டார். ஆனால் நேற்று ராத்திரி மறுபடி ஒரு மெசேஜ்: "அடுத்த மாசம் மண்டபம் பக்கம் ரெண்டு நாள் படகுல மீன் பிடிக்கப் போறோம். இப்ப என்ன சொல்ற?"

ரெண்டு நாளுக்கு விக்டோரினாக்ஸும் ஒரு பாட்டில் நல்ல தண்ணியும் போதும் என்று பதில் அனுப்பியிருக்கிறோம்.