தண்டனை முடிந்த பின்னும் நீதி

குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட ஒருவர் தண்டனையை அனுபவித்து வெளியேறியதும் வழக்கு முடிந்துவிட்டதெனக் கருதுதல் உலக இயல்பு. ஆயின், சிறைக்கதவு திறப்பதனால் தீர்ப்பு மறைவதில்லை. பதிவேட்டில் நின்று அது பிற்கால வாழ்வையும் பாதிக்கும். அத்தீர்ப்பே பிழையாயின் அவர் செய்யத்தக்கது யாது?

இதற்கு உதவும் வழியொன்று பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டத்திலேயே தோன்றியது. 'கோரம் நோபிஸ்' என்னும் எழுத்தாணையே அது. 'எம் முன்னிலையில்' என்பது அவ்விலத்தீன் தொடரின் பொருள். மேன்முறையீட்டுக்குச் செல்லாது, தீர்ப்பளித்த மன்றத்திலேயே, அம்மன்றம் அன்று அறியாத உண்மையைக் காட்டித் திருத்தம் வேண்டுதல் இதன் இயல்பு. கோவலன் கொலையுண்ட பின்னர்ப் பாண்டியன் அவையிற் கண்ணகி சிலம்பை உடைத்து வழக்குரைத்தமையும் இத்தன்மையதே.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வழியை நிலைநிறுத்தியது மோர்கன் என்பாரின் வழக்கு. 1939 இல் வழக்கறிஞர் துணையின்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர், நான்காண்டுத் தண்டனை பெற்று அதனை முடித்தார். பின்னர் நியூயோர்க் மாநிலத்தில் வேறொரு குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டபோது, பழைய தீர்ப்பின் காரணமாகத் தண்டனை மிகுந்தது. தண்டனை முடிந்தபின்னும் தீர்ப்பின் விளைவுகள் தொடரக்கூடுமாதலால் இவ்வெழுத்தாணையைக் கோரலாமென 1954 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஐவர் இதனை ஏற்க, நால்வர் மறுத்தனர்.

கோர்டன் ஹிரபயாஷியின் வழக்கு இதன் பயனை விளக்கும். அவர் யப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்த குடிமகன். வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர். 1942 இல் யப்பானிய மரபினர்மீது விதிக்கப்பட்ட ஊரடங்குக்கும் வெளியேற்றத்துக்கும் பணிய மறுத்துச் சிறைத்தண்டனை பெற்றார். 1943 இல் உயர் நீதிமன்றமும் ஊரடங்குத் தீர்ப்பை உறுதிப்படுத்தியது. அரசிடம் பற்றுடையோரையும் அற்றோரையும் பிரித்தறியக் காலம் போதவில்லை என்பதே வெளியேற்றத்துக்குக் கூறப்பட்ட நியாயம். 1982 இல் படைத்தளபதியின் அறிக்கையினது முதற்படி கண்டெடுக்கப்பட்டது. காலம் எவ்வளவு கிடைப்பினும் அவ்வாறு பிரித்தறிதல் இயலாதென்பதே அவர் கருத்தென அது காட்டிற்று; வெளியிட்ட அறிக்கையில் அப்பகுதி மாற்றப்பட்டிருந்தது.

இதனைச் சான்றாகக் கொண்டு ஹிரபயாஷி 1983 இல் மனுச்செய்தார். வெளியேற்றம் பற்றிய தீர்ப்பு 1986 இல் நீக்கப்பட்டது. ஊரடங்கு பற்றியதை மேன்முறையீட்டு நீதிமன்றம் 1987 இல் நீக்கிற்று. இனங் காரணமாகக் குற்றவாளியாக்கப்பட்ட குடிமகனுக்கு நேர்ந்த ஊறு நீடித்து நிற்பதென அம்மன்றம் கொண்டது.

இவ்வழி எல்லார்க்கும் எளிதில் திறப்பதன்று. பிழை அடிப்படையானதாதல் வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணமும் காட்டல் வேண்டும். ஆயினும், தண்டனை முடிந்ததென்பது மட்டும் பிழையான தீர்ப்பை நிலைக்கவிடுதற்குப் போதிய நியாயமன்று என்பதை இவ்வழக்குகள் உணர்த்துகின்றன.